சின்னத் தோட்டாவோடு தொடங்கும் பிள்ளைகளுக்கு

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போய், பலூன் சுடும் கடை முன்னால் நிற்காமல் திரும்பிய பிள்ளைகள் குறைவு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பலரும் துப்பாக்கியை முதன்முதலாகத் தோளில் வைப்பது அங்கேதான். அதற்கடுத்தது, பள்ளியிலோ கல்லூரியிலோ என்சிசியில் சேர்ந்தால் கைக்கு வரும் ‘பாயிண்ட் டூ டூ’ ரைபிள். அந்த ரைபிளைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். பட்டாளத்துக்குப் போய் பெரிய பெரிய துப்பாக்கியெல்லாம் சுட்டவர்கள்கூட லீவில் ஊருக்கு வந்தால், “சார், மறுபடி அந்தப் பாயிண்ட் டூ டூவைச் சுட்டுப் பார்க்கணும்” என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் உலகமெங்கும் இதன்மேல் உள்ள பிரியம் குறையவில்லை. இந்த வருஷம் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். தம்பி என்று நான் எழுதும் இடமெல்லாம் தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

1. சுட்டுத் தள்ளிய காலிக் கூடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். பித்தளைக் கூட்டின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று சுற்றிலும் வெளியே நீட்டியிருக்கும். அந்த விளிம்பில் ஓரிடத்தில் நகம் பதிந்தாற்போல ஒரு பள்ளம் இருக்கும். ஃபயரிங் பின் அடித்த இடம் அது. பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவில் தனியாக ஒரு கேப் இருக்கும். அடி அதன்மேல் விழும். ‘ரிம்ஃபயர்’ எனப்படும் இந்தச் சின்னத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்பின் மடிப்புக்குள்ளேயே சுற்றிலும் பரவியிருக்கிறது. விளிம்பு நசுங்கினால்தான் மருந்து பற்றும். நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் இந்தத் தோட்டா சின்னதாகவே இருக்கிறது. தனிக் கேப் கிடையாது, பாகங்கள் குறைவு, செய்வது சுலபம், ஆகவே விலையும் குறைவு. ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது என்பது ஒரு குறை.

பிரான்சில் லூயி ஃப்ளோபேர் என்பவர் 1845-இல் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே குறிவைத்துச் சுட்டு விளையாடுவதற்காகச் செய்தது இதன் மூதாதை. 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ரிவால்வருக்காக .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. 1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி .22 லாங் ரைபிளைக் கொண்டுவந்தது. நீ இன்று கையில் பிடிப்பது இந்தக் கடைசித் தோட்டாவைத்தான். பொழுதுபோக்காகக் குறி பார்ப்பதில் தொடங்கிய வம்சம் இது. அந்தப் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை.

2. சின்னது என்பதால் பொம்மை என்று நினைக்காதே. குண்டின் எடை 40 கிரெய்ன். நம் கணக்கில் 2.6 கிராம். அதன் சக்தி பட்டாளத்து 7.62 தோட்டாவின் சக்தியில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மேல்நோக்கிச் சுட்டால் ஒரு மைலுக்கு மேலும் போகும். வீரபாண்டியில் சுட்டது முல்லையாற்றைத் தாண்டி, வயலில் நாற்று நடுகிறவர்களிடம் போய்ச் சேரலாம் என்று வைத்துக்கொள். மனிதனைக் கொல்ல அந்தச் சக்தி தாராளமாகப் போதும். தண்ணீரிலும் கல்லிலும் பட்டால் திசைமாறித் தெறித்துப் போகும். அதனால் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் யார் சொன்னாலும் சுடாதே.

மற்ற விதிகளை நீ ரேஞ்சில் ஆயிரம் தடவை கேட்பாய். கேட்டுச் சலித்துவிடக் கூடாது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும். குறி வைக்கும் வரை விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். “காலி கர்” (காலி செய்) என்று கட்டளை வந்தால் போல்ட்டைத் திறந்து, கண்ணால் பார்த்து, சந்தேகமென்றால் விரலாலும் தொட்டுப் பார். யாராவது இலக்குப் பக்கம் நடந்துபோகும்போது துப்பாக்கியைத் தொடவே தொடாதே. இதில் ஒன்றை மீறினாலும் அந்தப் பிள்ளையை நான் அன்றைக்குச் சுடவிடுவதில்லை. எவ்வளவு நல்ல சுடுநராக இருந்தாலும் சரி.

3. பலூன் கடையில் ஐந்துக்கு ஐந்து விழுந்தால் பெருமைப்படாதே. ஐந்தும் தப்பினால் வருத்தப்படாதே. அங்கே இருப்பது ஏர்கன். திருவிழா திருவிழாவாக லாரியில் ஏறி இறங்கிய துப்பாக்கியின் குறி நேராக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. ஒரு முழம் தூரத்துக்குப் பலூன்கள் நெருக்கமாகக் கட்டியிருக்கும். ஒன்றுக்குக் குறிவைத்தால் பக்கத்திலிருப்பது வெடிக்கும். ஆசை அங்கே பிறக்கட்டும். கணக்கை ரேஞ்சில் பார்த்துக்கொள்வோம்.

4. படுத்துச் சுடத் தொடங்கு. என்சிசியில் லையிங் பொசிஷன் முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு தரையில் கிடந்தால் ஆட்டம் குறையும். தப்பு எங்கே என்று தெரியும். உடம்பைக் குழலின் கோட்டுக்குக் கொஞ்சம் சாய்வாகப் போடு, கால்களை விரி, இடது முழங்கை துப்பாக்கியின் அடியில் வரட்டும். என்சிசி ரைபிளின் எடை ஏறக்குறைய 2.8 கிலோ. அதைத் தசையால் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் கை நடுங்கும். எலும்பு தாங்கட்டும். சரியாகப் படுத்திருக்கிறாயா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டுத் திற. குறி வேறு பக்கம் போயிருந்தால் கையால் இழுத்துத் திருப்பாதே. இடுப்பை நகர்த்திப் படு.

5. மனிதக் கண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில் உள்ளதுதான் தெளிவாகத் தெரியும். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் தெளிவாகப் பார்க்க முயன்றால் கண் தவித்துப் போகும். முன்குறியைத் தெளிவாகப் பார். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் மங்கலாகவே இருக்கட்டும். புதியவர்கள் எல்லோரும் இலக்கைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். பாதிக் குண்டுகள் தப்புவது இதனால்தான்.

6. இந்தத் துப்பாக்கியை நான் இவ்வளவு நேசிப்பதற்கான காரணம் இனிமேல்தான் வருகிறது. இதில் உதை இல்லை என்றே சொல்லலாம். சத்தமும் குறைவு. தோளுக்குப் பயமில்லாததால் பிள்ளை எத்தனை ரவுண்டு வேண்டுமானாலும் சுடலாம். ஆனால், குண்டு தப்பினால் பழிபோட வேறு எதுவும் கிடையாது. பெரிய ரைபிள் சுட்டவன் “உதைத்துவிட்டது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். இதில் தப்பு உன் விரலில், உன் மூச்சில், உன் அவசரத்தில்தான். எந்த வாத்தியாரும் இவ்வளவு நேராகச் சொல்லமாட்டார்.

ட்ரிகரை இழுக்காதே, அழுத்து. விரல் நுனியின் சதைப்பகுதி மட்டும் படட்டும், பின்னோக்கி நேராக மெல்ல அழுத்திக்கொண்டே போ. எப்போது வெடிக்கும் என்று உனக்கே தெரியாமல் வெடித்தால் அது நல்ல அழுத்தம். “இப்போது” என்று மனசு சொல்லி விரல் வெடுக்கென்று இழுத்தால் குழல் ஒரு மயிரிழை நகரும். 25 கஜத்தில் அந்த மயிரிழை ஒரு விரல்கடை தூரமாகிவிடும்.

வெடித்த பிறகும் அப்படியே இரு. போட்டிக்கான .22 குண்டின் வேகம் நொடிக்கு 320 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். பெரிய ரைபிளின் குண்டோடு ஒப்பிட்டால், இது குழலை விட்டு வெளியேற அதிக நேரம் எடுக்கிறது. அந்தக் கண்ணிமைப்பின் சிறு பங்குக்குள் நீ தலையைத் தூக்கிப் பார்த்தால் குண்டும் உன்னோடு சேர்ந்து நகர்ந்துவிடும். வெடித்ததும் முன்குறி எங்கே நின்றது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அதன்பிறகு போல்ட்டைத் திற.

பயம் தெரியாமலே உள்ளே புகுந்துவிடும். ஒரு கேடட் பிள்ளை. நிலை, பிடி எல்லாம் சுத்தம். குண்டுகள் மட்டும் கீழே கீழே விழுந்துகொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாமல் இடையிடையே ஒரு டம்மி ரவுண்டு போட்டுக்கொடுத்தேன். டம்மி வந்தபோது வெடிக்கவில்லை. ஆனால் குழல் நுனி குபுக்கென்று கீழே குனிந்தது, கண்ணும் மூடியது. அதை அவளே பார்த்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு சுடச் சொன்னேன்; கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. .22-க்குக் காதடைப்பான் எதற்கு என்று கேட்பார்கள். கண்டிப்பாக வேண்டும். காதுக்கும் நல்லது, பயத்துக்கும் நல்லது. கண்ணாடியும் போட்டுக்கொள்.

7. முதலில் நடுவில் அடிக்க ஆசைப்படாதே. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழ வை. அந்த இடம் மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. குரூப்பிங் நெருக்கமாக வந்துவிட்டால் அதை நடுவுக்குக் கொண்டுவருவது குறியைத் திருத்தும் வேலை மட்டுமே. சிதறிக் கிடப்பதில் ஒன்று நடுவில் விழுந்ததைக் காட்டி “புல்ஸ்-ஐ அடித்தேன்” என்று சொல்கிற பிள்ளைக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை.

தாளைத் தூக்கி எறியாமல் படி. ஓட்டைகள் மேலும் கீழுமாக ஒரு கோடுபோல விழுந்திருந்தால் மூச்சை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிறுத்தியிருக்கிறாய். பாதி மூச்சு வெளியே போனதும் நிறுத்து. ஆறேழு நொடிக்குள் வெடிக்காவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்கு. இடது வலதாகச் சிதறினால் விரலையோ, கன்னம் கட்டையில் படியும் இடத்தையோ கவனி. தாளின் ஓரத்தில் தேதி, நேரம், காற்று, தோட்டா எந்தப் பெட்டி என்பதை எழுதிவை.

8. கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியாக இறங்கும் ஆனி, ஆடியில் நம் பக்கம் தென்னை ஓலை நிற்காது. அந்தக் காற்று இந்தச் சின்னக் குண்டை நன்றாகத் தள்ளும். குறுக்கே மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் 50 மீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய ஓர் அங்குலம் நகர்த்திவிடும். ஒலிம்பிக்கில் சுடும் 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் பாதி அகலம்.

வேகமான தோட்டா வாங்கினால் காற்று தள்ளாது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அளவுத் தோட்டாவில் அது தலைகீழ். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டிப் புறப்படும் .22 குண்டு ஒலிவேகத்தை ஒட்டிய இடத்தில் அதிக எதிர்ப்பைச் சந்தித்துச் சட்டென்று வேகம் இழக்கிறது. அதனால் அதிகம் நகர்கிறது. ஒலிவேகத்துக்குக் கீழேயே புறப்படும் குண்டு குறைவாகவே நகரும். போட்டிக்காரர்கள் மெதுவான தோட்டாவைத் தேடி வாங்குவது இதற்காகத்தான். நீ காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் பழகு. நிலை கைவந்த பிறகு காற்றில் வேண்டுமென்றே போய்ச் சுடு.

9. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்து வெடிக்கவில்லையா? குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முழுசாக 30 நொடி காத்திரு. ரேஞ்ச் பொறுப்பாளருக்குக் கை தூக்கு. விளிம்புக்குள் மருந்து ஓரிடத்தில் சரியாகப் பரவாமல் போனால் இந்த வகைத் தோட்டா சில நேரம் ஏமாற்றும், தாமதித்தும் வெடிக்கும். உடனே போல்ட்டைத் திறந்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்தாலும் நிறுத்து. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் போய்விடும்.

வீட்டுப் பயிற்சி என்று சொல்லி வெறும் துப்பாக்கியில் ட்ரிகரை அடித்துக்கொண்டே இருக்காதே. தோட்டா இல்லாவிட்டால் பல .22-களில் ஃபயரிங் பின் நேராகத் தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் போய் அடித்து அதை நசுக்கிவிடும். டம்மி போட்டுப் பழகு.

10. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. குண்டு ஈயம். கையோடு போய் வடை சாப்பிடாதே.

11. பெரிய துப்பாக்கிக்கு அவசரப்படாதே. இது குழந்தைகளின் துப்பாக்கி என்று யாராவது சொன்னால் ஸ்வப்னில் குசாலேயின் பெயரைச் சொல். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரீஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். மண்டியிட்டு, படுத்து, நின்று சுட்டதெல்லாம் இதே .22 தோட்டாதான். 2012-இல் லண்டனில் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கியதும் இதே தோட்டாவில்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் நினைவு வருவது நடிகர் அஜித்குமார். 2022-இல் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் பிஸ்டல் பிரிவுகளில் பதக்கங்கள் வாங்கினாரே. புகழின் உச்சியிலிருக்கும் மனிதர் வரிசையில் நின்று தன் முறை வந்ததும் சுட்டார். அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு நாடே இந்தச் சின்னத் துப்பாக்கியிடம் பாடம் படித்த கதையும் உண்டு. தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தத்தில் விவசாயிகளின் குறிக்கு முன்னால் தங்கள் சிப்பாய்களின் குறி எடுபடவில்லை என்று பிரிட்டிஷ்காரர்கள் கண்டார்கள். 1901-இல் உழைக்கும் மக்களுக்கான ரைபிள் கிளப்புகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இடம் சின்னது, செலவு குறைவு, துப்பாக்கி .22. இன்று நம் என்சிசி 25 கஜ ரேஞ்சில் பிள்ளைகளைப் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுப்பதிலும் அதே யோசனைதான் இருக்கிறது.

12. திராட்சைத் தோட்டத்தில் கிளி விழுகிறது, நெல்லில் மயில் இறங்குகிறது என்று யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள். போகாதே. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், சிறைக்குப் போவாய். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். மேகமலைக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் காடுகளோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகியிருக்கிறது. நம் வயல் ஓரத்தில் வரும் உயிர்களெல்லாம் அந்தக் காட்டின் சொந்தங்கள். பயிரைக் காக்க வலை இருக்கிறது. தாளில் ஓட்டை போடுவதில் கிடைக்கும் நிறைவு உனக்குப் போதவில்லை என்றால் இந்த விளையாட்டு உனக்கு வேண்டாம்.

13. சொந்தமாக வாங்குவது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 4.5 மில்லிமீட்டர் அளவில், 20 ஜூல் சக்திக்கு மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். .22 ரிம்ஃபயருக்குக் கட்டாயம் வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும். இவை தொந்தரவு அல்ல, நியாயமான கட்டுப்பாடு. வாங்கினால் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் துப்பாக்கி, வேறு பெட்டியில் தோட்டா. கல்யாண வீட்டில் வெளியே எடுத்துக் காட்டுகிறவனோடு சேராதே.

14. வாங்கித்தான் பழக வேண்டும் என்பதும் இல்லை. பத்து வருஷம் கழித்து வரும் உரிமத்தைவிட இந்த வருஷம் கிடைக்கும் என்சிசி இடம் பெரியது. ஜூனியர் பிரிவில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே சேரலாம். பெண் பிள்ளைகளுக்கும் தனியிடம் உண்டு. நன்றாகச் சுட்டால் டெல்லியில் நடக்கும் என்சிசியின் தல் சைனிக் முகாம் வரைக்கும் போகலாம். அதற்குமேல் ஆர்வமிருந்தால் மதுரை ரைபிள் கிளப் இருக்கிறது. கிளப் வழியாக மாநிலப் போட்டி, அதில் தகுதி பெற்றால் மாவ்லங்கர் போட்டி, பிறகு தேசியப் போட்டி. இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவராக இருந்த மக்களவைச் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கரின் பெயரால் நடப்பதுதான் மாவ்லங்கர் போட்டி.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகள் ஃபயரிங்குக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கமே வாங்கியிருக்கிறார். அமைதியாக நிற்கவும், தன் தப்பைத் தானே பார்க்கவும் பழகிய பிள்ளைகளை இந்த ரேஞ்சில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் என்சிசி பொறுப்பு ஆசிரியரிடம் போய்ப் பெயரைக் கொடு தம்பி. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.